போட்டோஷூட்: ஸ்டைலிங்குக்குத் தனிக் காசா?

கேள்வி, ஆகஸ்ட் 2, மாலை

"வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், பொடி வகைகள் செய்து விற்கிறேன். சிங்கப்பூரில், செங்காங். தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் பொருளையும் என்னையும் சேர்த்து நல்ல படங்கள் எடுக்கலாம் என்று ஒரு போட்டோகிராஃபரிடம் விலை கேட்டேன். படத்துக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஸ்டைலிங் என்று இன்னும் பாதித் தொகை கேட்கிறார். பொருள் என்னுடையது, புடவை என்னுடையது, முகமும் என்னுடையது. இதில் ஸ்டைலிங் என்று தனியாக எதற்குக் காசு?"

ஆகஸ்ட் 2, இரவு 10.15

கேமரா பிடிப்பவர் வெளிச்சத்தைப் பார்ப்பார், ஃபோகஸைப் பார்ப்பார், நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்களா என்று பார்ப்பார். உங்கள் தோளில் உள்பாடியின் பட்டி எட்டிப் பார்ப்பது அந்த நேரத்தில் அவர் கண்ணில் படாது. பட்டாலும், ஆணாக இருந்தால் சொல்லத் தயங்குவார். வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் திறந்தால் எல்லாப் படத்திலும் அந்தப் பட்டி இருக்கும். இதையெல்லாம் பார்க்க இன்னொருவர் கூடவே நிற்க வேண்டும். காசு அதற்குத்தான்.

நான் கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடும் வேலையில் தொடங்கி ஸ்டைலிங் பக்கம் வந்தவள். பாரபட்சம் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

பாதித் தொகை அதிகமா? அவர் என்ன செய்வார் என்று தெரியாமல் சொல்ல முடியாது. தட்டு, துணி, பின்னணிப் பலகை கொண்டுவருவாரா, துணிக்கு ஆவி இஸ்திரி போடுவாரா, முன்னாடியே வந்து வீட்டைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். நாலு மாதிரிப் படங்களை ஒட்டி அனுப்புவதோடு சரி என்றால், அதை பின்டரெஸ்டில் நீங்களே சாப்பாட்டு நேரத்தில் செய்துவிடலாம்.

ஆகஸ்ட் 3, காலை

ராத்திரி அவசரத்தில் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே படுத்துவிட்டேன். படம் எங்கே போகப்போகிறது? இதை எழுதிவைக்காமல் புடவை அலமாரியைத் திறக்காதீர்கள்.

லிங்க்ட்இன் என்றால் ஒரு சின்ன வட்டம். அதில் முகம், காது, கழுத்து, ரவிக்கையின் கழுத்து வெட்டு, அவ்வளவுதான் தெரியும். ஒரு வாடிக்கையாளர் கையகல ஜரிகைக் கரை போட்ட காஞ்சிபுரம் கொண்டுவந்தார். மடிப்பு எடுக்கவே நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் அவர் போட்டுக்கொண்டது முகப் படம். கரை வட்டத்துக்கு வெளியே, எங்கோ இடுப்புக்குக் கீழே. அந்த நேரத்தைக் கம்மலுக்கும் ரவிக்கைத் தையலுக்கும் செலவழித்திருக்கலாம்.

இன்ஸ்டாகிராம் என்றால் உயரவாட்டுப் படம், 1080க்கு 1350 பிக்செல். சுயவிவரப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும் கட்டங்களும் 2025இல் சதுரத்திலிருந்து உயரவாட்டுக்கு மாறிவிட்டன. பழைய சதுரக் கணக்கில் எடுத்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இணையதளத்தின் தலைப்பில் ஓடும் படம் என்றால் அகலவாட்டில் எடுத்து, ஒரு பக்கம் எழுத்து வைக்க வெறும் இடம் விட வேண்டும். அந்த வெறும் இடத்தில் தேங்காய், குத்துவிளக்கு, மல்லிகைப் பந்து என்று அடுக்கிவைத்தால் விலையை எங்கே எழுதுவது?

ஆகஸ்ட் 3, மதியம்

"லிங்க்ட்இன்னுக்குப் புடவையா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். ஆபீசுக்குக் கட்டுகிறவர் கட்டட்டும். ஆபீசில் என்றைக்கும் கோட்டுப் போடாதவர் படத்துக்கு மட்டும் இரவல் கோட்டுப் போட்டால் தோள் தையல் காட்டிக்கொடுக்கும். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் நிற்க வேண்டும். பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டுவிடுங்கள், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. துணிக்கடைப் பொம்மைக்கு முதுகில் செய்வதும் இதைத்தான்.

ஆகஸ்ட் 5, இரவு

உடுப்பு. கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

கிளிப்பச்சை, ராணி பிங்க், மயில் நீலம் எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் வெயிலில் அந்த நிறம் மேலே எகிறித் தாடைக்கு அடியில் படியும். கிளிப்பச்சை ரவிக்கை போட்டால் கழுத்துப் பச்சையாகத் தெரியும், பிறகு கணினியில் உட்கார்ந்து துடைக்க வேண்டியதுதான். இதே புல்வெளியில் நின்றாலும் நடக்கும். அந்த நிறங்கள் வேண்டுமென்றால் முந்தானையிலோ கரையிலோ வரட்டும், முகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நெருக்கமான பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டவே வேண்டாம். கேமராவில் அது அலை அலையாக நெளியும், திருத்துவது பெரும்பாடு.

வியர்வை. நம் ஊரில் இதைப் பேசாமல் உடுப்பைப் பற்றிப் பேச முடியாது. சாம்பல் நிறப் பருத்தியில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். வெள்ளை, கரும் நீலம், பொடிப் பூப்போட்ட துணி ஓரளவு மறைக்கும். லினன் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும், கையில் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். முகத்தைத் தேய்த்துத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

புடவை: உட்கார்ந்து எடுக்கும் படத்துக்கும் நின்று எடுக்கும் படத்துக்கும் கட்டு வேறு. நிற்கும்போது கத்தி மாதிரி இருந்த கொசுவம் உட்கார்ந்ததும் மடியில் மூட்டையாக எழும். உட்கார்ந்து எடுப்பதானால் கொசுவத்தைக் குறைத்து, முந்தானையை நீளமாக விட்டு, தோளில் ஒரு ஊக்கும் ரவிக்கைக்குப் பின்பக்கம் ஒரு ஊக்கும் போட்டுவிடுங்கள். தோள் மடிப்பை முதல் நாளே எடுத்து, கிளிப் போட்டு, இஸ்திரி போட்டு வைத்தால் காலையில் பாதி வேலை மிச்சம்.

பொட்டு: பளபளப்பான ஸ்டிக்கர் பொட்டு ஃபிளாஷில் கண்ணாடித் துண்டு போல மின்னும். குங்குமம் அல்லது வெல்வெட் பொட்டு. திருநீறு பூசுகிறவர் பூசிக்கொள்ளலாம், மெல்லிதாக. கண்ணாடி அணிகிறவர்கள் அதைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் மூக்கில் இரண்டு பள்ளமும் யாரோ ஒருவருடைய முகமும்தான் மிஞ்சும். காதில் மாட்டும் கம்பியை ஒரு நூல் உயர்த்தினால் கண்ணாடியில் அடிக்கும் பளீர் போய்விடும்.

ஆகஸ்ட் 6

எங்கள் தொழிலில் ஒரு வடிவமைப்பாளர் செய்த காரியம். நல்ல படம், புடவையில் ஒரு அம்மா, கையில் ஊறுகாய் ஜாடி. எழுத்து வைக்க இடம் இடப்பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. அவர் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டார். முந்தானை வலத் தோளுக்குப் போய்விட்டது. அந்த அம்மா ஒரே நாளில் குஜராத்துக்குக் குடிபோய்விட்டார். வடிவமைப்பாளருக்கு அது பிழை என்றே தெரியவில்லை, நம் ஆட்கள் பார்த்த உடனே சிரித்துவிட்டார்கள். ஜாடியின் லேபிளை மட்டும் ஒழுங்காக மறுபடி ஒட்டியிருந்தார், அதுதான் கொடுமை.

வாழை இலைக்கும் இதே கதைதான். நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். மேலிருந்து எடுக்கும்போது யார் பக்கம் நின்று எடுக்கிறோம் என்று குழம்பி மாற்றிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய இலையை அனலில் ஒருமுறை காட்டினால் மடித்தாலும் கிழியாது. ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட விரலால் ஒரு இழுப்பு. போதும்.

ஆகஸ்ட் 8

இடம். எல்லாரும் முதலில் கேட்பது லிட்டில் இந்தியாவில் எங்கே என்றுதான்.

கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீடு 1900இல் கட்டியது. ஜன்னலுக்கு ஜன்னல், பலகைக்குப் பலகை நிறம் மாறும். அதன் முன்னால் பட்டுப்புடவையோடு நின்றால் பார்க்கிறவர் வீட்டைப் பார்ப்பார். வெள்ளை வேட்டி சட்டை, ஒரே நிறக் குர்தா என்றால் அங்கே போங்கள். கூன் செங் ரோட்டுப் பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபு) வீடுகளும் அப்படித்தான், கூடவே அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசற்படியில் மேக்கப் பெட்டியை விரிப்பது எனக்குப் பிடிக்காது.

பூமலை, அதாவது தாவரவியல் பூங்கா, அழகுதான். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015 முதல் உலக மரபுடைமைத் தலம். சொந்த ஆசைக்கு எடுப்பது வேறு, வியாபார விளம்பரத்துக்கு எடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். "சின்ன வியாபாரம்தானே" என்று போய் நின்று, பாதியில் மூட்டை கட்டியவர்களைத் தெரியும். கடைத்தொகுதிகளில் காவலாளி வருவார், அது தனி.

வெயில் நேரம்: நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகைகூட விலகி இல்லை. மதியம் ஒரு மணி வாக்கில் சூரியன் மண்டைக்கு மேல் நிற்கும். கண்குழி இரண்டும் கறுத்துவிடும். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். மாலையை நம்பினால் ஒரு விஷயம்: ஏழு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கியதும் மளமளவென்று இருட்டிவிடும். குளிர்நாடுகளில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பொன்னொளி நிதானமாகக் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, மதியம் மழை வந்தால் வரட்டும். மழை விட்டபின் மேகம் மூடிய வெளிச்சத்தைப் போல் முகத்துக்கு நல்லது வேறில்லை.

கேமராவை ஏர்கானிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் மூடுபனி கட்டும். பையை மூடியபடியே வெளியில் அரைமணி வையுங்கள். நான் இதைச் சொன்னால் சில போட்டோகிராஃபர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆகஸ்ட் 9

இன்று தேசிய தினம், படம் எடுக்காதீர்கள், பின்னணியில் எங்கு பார்த்தாலும் கொடி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போடப்போகும் படத்தில் தாழ்வாரம் முழுக்கச் சிவப்பு வெள்ளை தொங்கினால் ஆகஸ்டில் எடுத்தது என்று குழந்தைகூடச் சொல்லும். ஜன்னல் வழியாக எதிர் புளோக் தெரிகிறதா பாருங்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

கேள்வி கேட்ட சகோதரி வீட்டுக்கூடத்தின் படம் போட்டிருக்கிறார். நல்ல வீடு, மேற்கே ஒரு பெரிய ஜன்னல். வெளியே எங்கும் போக வேண்டாம், அங்கேயே எடுங்கள், காலையில்.

முதல் வேலை, கூரை விளக்கை அணைப்பது. ஜன்னல் வெளிச்சம் நீலமாக வரும், மஞ்சள் விளக்கு மஞ்சளாக வரும், முகத்தில் இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் காய்ச்சல்காரியுடையது, ஒரு கன்னம் பிணத்துடையது. விளக்கு இருந்தே தீர வேண்டும் என்றால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் காரணம் அதுதான். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அடங்கும்.

பின்னணிக் காகிதச் சுருள் 2.72 மீட்டர் அகலத்திலும் ஏறக்குறைய அதில் பாதியாக 1.35 மீட்டரிலும் வரும். எச்டிபி அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து எடுக்கச் சின்னது போதும். பெரியதை லிஃப்டில் ஏற்றுவதற்குள் அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்துவிடும்.

இனி முறுக்கு. சுடும்போதே உடையாமல் வட்டமாக வந்ததைத் தனியே எடுத்து வையுங்கள், படத்தன்று டப்பாவைக் கவிழ்த்துத் தேடக்கூடாது. நேரே முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் முறுக்கு வெறும் பழுப்பு வட்டமாகத் தெரியும். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிழல் விழும். அப்போதுதான் பார்க்கிற கண்ணுக்கே மொறுமொறுப்புக் கேட்கும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை வைத்தால் நிழல் இளகும். நான் அதை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டை வைப்பேன், முள் இன்னும் கூராகும். ஒன்றை உடைத்து முன்னால் போடுங்கள். உடைந்த வாயில் உள்ளே குழல் குழலாகத் தெரிய வேண்டும், எள் ஒன்றிரண்டு உதிர்ந்து கிடக்கட்டும். சீரகமா எள்ளா என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும்.

பொடி பாட்டில்களுக்கு லேபிளைப் புதிதாக அச்சடித்து ஒட்டுங்கள். ஓரம் ஒரு மில்லிமீட்டர் கிளம்பியிருந்தாலும் படத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

ஆகஸ்ட் 12

பட்டு வேண்டாம் என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் என் குரல் அப்படித்தான் ஒலித்திருக்கும். பட்டுக்கு ஜன்னல் போதும், ஃபிளாஷ் ஆகாது. கேமரா மேலேயே உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளைக் கோடாக எரிந்துபோகும், தங்கம் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். முறுக்கு விற்கிற படத்துக்குப் பட்டு தேவையா என்பது வேறு. எண்ணெய்ச் சட்டி முன்னால் காஞ்சிபுரம் கட்டிய பெண்ணை நான் விளம்பரங்களில் தவிர எங்கும் பார்த்ததில்லை. சுங்கடி, செட்டிநாட்டுப் பருத்தி, கஞ்சி போட்டு விறைப்பாக. என் ஓட்டு அதற்குத்தான்.

ஆகஸ்ட் 12, பின்னிரவு

ஆனால் தீபாவளிப் படம் என்றால் ஜனங்கள் பட்டைத்தான் எதிர்பார்ப்பார்கள் இல்லையா? இரண்டும் எடுங்கள். முதலில் பருத்தி, சமையலறையில். அப்புறம் பட்டு, கூடத்தில், தட்டோடு. பட்டிலிருந்து பருத்திக்கு மாறினால் தலைமுடி கலையும், நகையைக் கழற்ற வேண்டும், அதனால் இந்த வரிசை.

ஆகஸ்ட் 15

நிறம். "கொஞ்சம் பிரைட் பண்ணி அனுப்புறேன்" என்று ஒரு போட்டோகிராஃபர் சொன்னால் எதை என்று கேளுங்கள். படத்தையா, ஆளையா? நம் முகத்தை இரண்டு படி வெளுத்துத் தருவது இன்னும் நடக்கிறது, தருகிறவர் அதை உபகாரம் என்று நினைக்கிறார். வாடிக்கையாளர் டப்பாவை வாங்கவரும்போது கதவைத் திறப்பது படத்தில் இருந்தவரின் அக்கா போல இருந்தால் அது வியாபாரத்துக்கும் நல்லதில்லை. முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: பரு, தழும்பு வேண்டுமானால் எடுக்கலாம், நிறத்தைத் தொடக்கூடாது.

மேக்கப் போடுகிறவரிடமும் இதே பேச்சுத்தான். கழுத்தில் தேய்த்துப் பார்த்து நிறம் பிடிக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டில் வேண்டாம். துத்தநாகமோ டைட்டேனியமோ சேர்ந்த சன்ஸ்கிரீன் ஃபிளாஷில் முகத்தைச் சுண்ணாம்பாக்கும். வெளியே போகிற நாளுக்கு அது சரி, ஃபிளாஷ் நாளுக்கு வேறு பாருங்கள்.

வெள்ளைச் சட்டைக்காரரும் கறுத்த முகமும் ஒரே படத்தில் என்றால் முகத்துக்கு வெளிச்ச அளவு வைக்கச் சொல்லுங்கள், சட்டை கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆகஸ்ட் 19

சகோதரி முடிவு எடுத்துவிட்டார்: ஸ்டைலிங் கிடையாது, நாத்தனார் உதவிக்கு வருகிறார். என் பிழைப்பில் மண் விழுந்தாலும் சந்தோஷம்தான், உண்மையில் இது போதும். ஒரு நிபந்தனை. நாத்தனார் அன்றைக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் டீ போடவும் கூடாது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உங்களையே பார்க்க வேண்டும். ஊக்கு, கிளிப், டிஷ்யூ, இரட்டைப்பக்க டேப், சீப்பு, துணியில் ஒட்டிய நூல் எடுக்கும் ரோலர், சின்ன விசிறி, எல்லாம் அவர் தோள்பையில் இருக்கட்டும். இடுப்பில் செருகிய கைப்பேசியை வாங்கிவைப்பதும் அவர் வேலை. மல்லிகையைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள், வெயிலில் அது சீக்கிரம் பழுத்துவிடும்.

மிச்சமான காசில் இதைச் செய்யுங்கள்: படங்களை எங்கெங்கே, எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் உரிமை எடுத்தவருடையதே. முன்பு காசு கொடுத்தவருடையதாக இருந்தது, அந்தப் பழைய நினைப்பிலேயே பலர் இருக்கிறார்கள். டப்பா லேபிளில் அச்சடிக்கலாமா, பேரங்காடி கேட்டால் கொடுக்கலாமா, இதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் பேச வேண்டியவை.

ஆகஸ்ட் 20

அதிரசம் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தார். கஷ்டமான ஆள். கறுப்பு, தட்டை, வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கி, வெளிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். ஓரம் மட்டும் வெல்லப்பாகு நிறத்தில் துலங்கும். மேலே எண்ணெய் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றுங்கள். எவர்சில்வர் தட்டில் வைக்காதீர்கள். அதில் ஜன்னல் தெரியும், கேமரா தெரியும், நாத்தனாரும் தெரிவார். பழைய பித்தளைத் தாம்பாளம், மங்கினதாக. உங்களிடம் இல்லையென்றால் மாமியாரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அதற்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.